மழைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுக்கும் டயர்: மோல்மேன் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவில், மோல்மேன் பக்கத்து ஊரான முடோனில் மெயின் ரோட்டோரம் நானும் என் தம்பியும் டயர் மாட்டுகிற, பஞ்சர் ஒட்டுகிற சின்னக் கடை நடத்துகிறோம். பர்மியர்கள் 'சைங்கே' என்று சொல்கிற மோட்டார் சைக்கிள் இல்லாமல் இந்த வட்டாரத்தில் ஒரு வேலையும் ஓடாது. ரங்கூன் நகரத்துக்குள் 2003 முதல் அதற்குத் தடை. இங்கேயோ பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதிலிருந்து விடியற்காலையில் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போவது வரை எல்லாமே அதில்தான். சித்திரை பிறந்ததும் நம் ஆட்கள் கடைக்கு வந்து கேட்பவை ஏறத்தாழ இதே கேள்விகள்தான். நின்று பேச நேரமில்லாதவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

அண்ணே, சீக்கிரம் தேயாத டயர் எது? அதையே போடுங்கள்.

முதல் ஆள் கேட்பதும் இதுதான், கடைசி ஆள் கேட்பதும் இதுதான். என் பதிலும் மாறாது: தேயாத டயரைத் தேடாதீர்கள், மழையில் பிடிக்கிற டயரைத் தேடுங்கள். அதை நீண்ட நாள் உழைக்க வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

டயர் ரப்பரில் கடினம், மென்மை என்று இரண்டு பக்கம் உண்டு. கடினமான ரப்பர் மெதுவாகத் தேயும், ஆனால் ஈரத்தில் ரோட்டைப் பிடிக்காது. மென்மையானது நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். நம் தோட்டத்தில் ஷீட் போட்டு, காயவைத்து, புகையில் தொங்கவிடுகிறோமே, அந்த ரப்பர் அப்படியே டயர் ஆகிவிடாது. வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் உறுதி வரும். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது அது. தேய்மானம் குறைய கார்பன் கரியைச் சேர்க்கிறார்கள், டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். ஈரத்தில் பிடிப்பு வேண்டும் என்று சிலிக்காவும் சேர்க்கிறார்கள். 'சிலிக்கா கலந்தது' என்று விவரத்தில் போட்டிருந்தால் கொஞ்சம் விலை கூடினாலும் வாங்குங்கள். மோல்மேனில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. வைகாசி தொடங்கி ஐப்பசி வரை ரோடு காய்கிற நாளை விரல்விட்டு எண்ணலாம். இந்த ஊருக்கு வறண்ட ஊர் டயர் சரிப்படாது.

இதை நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடை வைப்பதற்கு முன்னால், 'முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும்' என்று ஒரு கடையில் சொன்னதை நம்பிப் பின்டயர் வாங்கினேன். நாலு வருஷம் ஆகியும் காடி, அதாவது தரை தொடும் பக்கத்தில் வெட்டியிருக்கும் பள்ளம், ஆழமாகவே இருந்தது, எனக்கும் பெருமையாக இருந்தது. வைகாசி முதல் மழையன்று சந்தை வளைவில் மெதுவாகத்தான் திரும்பினேன். பின்சக்கரம் சோப்பில் வைத்த மாதிரி வெளியே போனது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது. வீட்டுக்கு வந்து அந்த டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தேன். தடமே பதியவில்லை. மரக்கட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது.

டயர் தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டயரின் பக்கச்சுவரில் சின்ன முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற மூன்று எழுத்தோ இருக்கும். அதற்கு நேர் மேலே காடிக்குள் விரலை விட்டால் ஒரு மேடு தட்டுப்படும். மோட்டார் சைக்கிள் டயர்களில் அது பெரும்பாலும் 0.8 மி.மீ. உயரம். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. ஆனால் மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வைகாசியில் 2 மி.மீ. கூட இல்லாத பின்டயரோடு வருகிறவர்களிடம் மாற்றச் சொல்லியே அனுப்புகிறேன், ஏனென்றால் ஆவணிக்குள் அது மொட்டையாகிவிடும்.

காடியை மட்டும் பார்க்காதீர்கள். காற்றை இறக்கிவிட்டுப் பக்கச்சுவரைக் கையால் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் வாய் திறக்கும். எங்காவது வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த டயரை அன்றைக்கே கழற்ற வேண்டும்.

எந்த மாதம் மாற்றுவது நல்லது?

பங்குனிக் கடைசியில், சித்திரை பிறப்பதற்கு முன். நம் வருடப்பிறப்பும் பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜானும் ஒரே வாரத்தில் வருகின்றன. ஐந்தாறு மாதமாக ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர் துகளும் அப்போது வீசுகிற தண்ணீரில் ஊறி வழவழப்பாகிவிடும். நாலு நாள் கொட்டித் தீர்த்த மழைக்குப் பிறகு ரோடு கழுவிவிட்டது போல ஆகும், பிடிப்பும் திரும்பும். ஆபத்து முதல் அரைமணி நேர மழையில்தான். அதனால் திஞ்ஜானுக்கு முன்பே புது டயர் மாட்டி, காய்ந்த ரோட்டில் கொஞ்சம் ஓட்டிப் பழக்கிவிட்டால் வைகாசி மழையைத் தைரியமாகச் சந்திக்கலாம்.

புது டயர்தான், ஆனால் பழைய சரக்கு என்று சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. சில டயரில் ஒரு பக்கம்தான் இருக்கும், திருப்பிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் எடுத்துத் தரும்போதே அதைக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு உட்பட்டதாக இருந்தால் நான் யோசிக்காமல் வாங்குவேன். மூன்றுக்கு மேல் என்றால் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்பேன். கடை வாசலில் வெயிலில் தொங்கிய டயர் ஓடாமலேயே கிழடாகிவிடும். ஐந்து தாண்டியது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

70/90-17 என்றால் என்ன? என் பழைய டயரில் 2.50-17 என்று போட்டிருக்கிறதே?

70 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 90 என்பது அந்த அகலத்தில் உயரம் எத்தனை சதவீதம் என்று சொல்வது. 70இல் 90 சதவீதம், 63 மி.மீ. உயரம். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 2.50 என்பது பழைய முறை, அகலமே அங்குலத்தில். 2.50-17க்கு அருகில் வருவது 70/90-17. 2.75-17க்கு அருகில் வருவது 80/90-17. ஹோண்டா வேவ் 110 போன்ற வண்டிகளுக்கு முன்னால் 70/90-17, பின்னால் 80/90-17. கிளிக் 125க்கு முன்னால் 80/90-14, பின்னால் 90/90-14. சீன வண்டிகளில் அளவு மாறும், பழைய டயரையோ வண்டிப் புத்தகத்தையோ பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அதற்குப் பின்னால் 38பி, 50பி என்று வருகிறது. அதைப் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். எண், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பது. எழுத்து, எந்த வேகம் வரை என்பது; 'பி' (ஆங்கில P) என்றால் மணிக்கு 150 கி.மீ. நம் ரோட்டுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை, எடைதான் விஷயம். 38 என்றால் 132 கிலோ, 44 என்றால் 160, 50 என்றால் 190.

சந்தை நாளன்று நம் ஆட்கள் ஏற்றுவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி சுமார் 100 கிலோ. ஆள் இரண்டு பேர், ஆளுக்கு 60 என்றால் 120. நடுவில் 30 வீசை அரிசி மூட்டை ஒன்று, அது 49 கிலோ. மொத்தம் 269. அதில் மூன்றில் இரண்டு பங்காவது பின்சக்கரத்தில் இறங்கும், ஏறத்தாழ 180 கிலோ. 50 எழுதிய டயர் இதைத் தாங்கும். 44 எழுதிய டயர் சூடாகி, உள்நூல் விட்டு, ஒருநாள் வெடிக்கும். இரண்டும் ஒரே அளவு, பார்வைக்கு ஒரே மாதிரி. விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு '6 பி.ஆர்.' (6PR, உள்நூல் அடுக்கின் பலத்தைச் சொல்லும் எண்) எழுதிய கனமான டயரும் நல்லது. ஆனால் தனியாக ஓட்டும்போது தூக்கிப்போடும்.

காடி எப்படி இருக்க வேண்டும்? தோட்டத்து மண்பாதைக்கும் தார் ரோட்டுக்கும் ஒரே டயர் போதுமா?

பெரும்பாலானவர்களுக்குப் போதும். நடுவில் தொடர்ச்சியாக ஓடுகிற காடியோ, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாக இறங்குகிற காடிகளோ இருக்கட்டும். தண்ணீர் வெளியேற வழி வேண்டும், அவ்வளவுதான். நம் வண்டிகளின் ஒல்லி டயர் கார் டயர் மாதிரி தண்ணீர்மேல் மிதப்பது அபூர்வம். அது தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். அதனால் காடியின் அழகைவிட ரப்பரின் தரம்தான் இங்கே பெரிது.

தினமும் செம்மண் பாதையில் தோட்டத்துக்குள் போகிறவர்கள் கதை வேறு. மழையில் அந்த மண் களிம்பாகி, நெருக்கமான காடிகளுக்குள் அடைத்துக்கொள்ளும். பத்தடி போவதற்குள் டயர் மண்ணுருண்டை ஆகிவிடும். அவர்களுக்குக் கட்டைகட்டையாக இடைவெளி விட்ட டயர் வேண்டும், இடைவெளி அகலமாக இருந்தால்தான் சுற்றும்போது மண் தெறித்து விழும். ஆனால் அந்தக் கட்டைகள் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், ஈரத்தில் பிரேக் பிடித்தால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் வழுக்கும். பாதிப்பாதி ஓட்டுகிறவர்கள் பின்னால் மட்டும் நடுத்தரக் கட்டை டயர், முன்னால் சாதாரண ரோடு டயர் என்று போடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தம்பி வண்டியிலும் அதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாய்லாந்து ஸ்டைல் ஒல்லி டயர் போட்டுத் தருவீர்களா மாமா?

மாட்டேன், தம்பி. 50/100-17 டயர் கண்ணுக்கு அழகுதான். குழியில் இறங்கினால் ரிம் நேராகத் தரையில் மோதும், தரையைப் பிடிக்கிற பரப்பு குறையும், பின்னால் ஆள் ஏறினால் அது தாங்குகிற எடையைத் தாண்டிவிடும். உங்கள் அம்மா என்னைக் கேட்டால் நான் பதில் சொல்ல முடியாது.

அப்போ அகலமான டயர்?

ஒரு படி அகலம் சில வண்டியில் போகும். ஆனால் செயினிலோ மட்கார்டிலோ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும், ரிம் அதற்கு ஏற்ற அகலமாக இருக்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவே மேல்.

எந்த கம்பெனி நல்லது?

தாய்லாந்தில் தயாரித்து வரும் ஐ.ஆர்.சி., வீ ரப்பர், கேமல், டீஸ்டோன் டயர்கள், அப்புறம் மிஷ்லின், டன்லப், மேக்ஸிஸ் என்று பல உண்டு. இந்திய டயர் கிடைத்தால் அதையும் தள்ள வேண்டாம். எம்.ஆர்.எஃப். 1946இல் சென்னைத் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி, டி.வி.எஸ். டயர் மதுரையில் தயாராகிறது. ஆனால் ஒரே கம்பெனியே கடினமானதும் செய்கிறது, மென்மையானதும் செய்கிறது. பெயரைக் கேட்டு வாங்குவதைவிட மாடல், தேதி, எடை எண் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

டியூப் நல்லதா, டியூப்லெஸ் நல்லதா?

கம்பி ரிம் என்றால் டியூப்தான், கம்பித் துளை வழியாகக் காற்று போய்விடும். அலாய் ரிம்மில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தால் டியூப்லெஸ் போடுங்கள். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், வீடு வந்து சேரலாம். டியூப் சட்டென்று இறங்கிவிடும்.

டியூப் டயர் மாற்றும்போது டியூப்பையும் மாற்றுங்கள். பழைய டியூப் விரிந்து கிடக்கும், புது டயருக்குள் மடிந்து, மடிப்பில் உரசி ஓட்டையாகும். ரிம்முக்குள் நைந்துபோன ரப்பர் பட்டையும் துருப்பிடித்த கம்பி முனையும் இன்னொரு எதிரி. டியூப்பின் உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கத்தில் ஓட்டை என்றால் ஆணியைத் தேடாதீர்கள், அந்தப் பட்டையைப் பாருங்கள்.

காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

டயரின் ஆயுளில் பாதி இந்தக் கேள்வியில் இருக்கிறது. செயின் கவரிலோ வண்டிப் புத்தகத்திலோ உங்கள் வண்டிக்கான அளவு எழுதியிருக்கும். வேவ் வகை வண்டிகளில் பலவற்றுக்கு முன்னால் 29 பவுண்டு, பின்னால் 33. பின்னால் ஆள் ஏறினால் பின்டயருக்கு 41. டயர் மேலேயே எழுதியிருக்கும் எண் அந்த டயர் தாங்குகிற உச்சம், அதை வைத்து அடிக்கக் கூடாது.

காற்று குறைந்தால் டயரின் இரண்டு ஓரமும் தேயும், பக்கச்சுவர் நெளிந்து நெளிந்து சூடேறும். கூடினால் நடு மட்டும் தேயும், ஈர ரோட்டில் தத்தும். ரோட்டோரத்தில் 'லே தோ' பலகை வைத்துக் காற்று அடிக்கிற இடங்கள் பலவற்றில் மீட்டர் கிடையாது, கையால் அமுக்கிப் பார்த்து 'சரி' என்பார்கள். 20 பவுண்டுக்கும் 30க்கும் கைக்கு வித்தியாசம் தெரியாது. பேனா அளவில் ஒரு மீட்டர் வாங்கிச் சீட்டுக்கடியில் போட்டு வையுங்கள். வாரம் ஒருமுறை, காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

மீட்டர் இல்லாத நாளில் கவனிக்க ஒன்று இருக்கிறது. டியூப் வாயின் தண்டு ரிம்மில் செங்குத்தாக நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், காற்று குறைந்து டயர் ரிம்மில் நழுவி டியூப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. அப்படியே விட்டால் தண்டு வேரோடு பிய்ந்து வரும், அதை ஒட்டவே முடியாது. இந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் தண்டின் நட்டை நாங்கள் ரிம்மோடு இறுக்குவதில்லை.

என் டயர் இடது பக்கம் மட்டும் அதிகம் தேய்கிறதே, ரிம் கோணலா?

பெரும்பாலும் இல்லை. 1970 முதல் இந்த நாட்டில் வலது பக்கம் ஓட்டுகிறோம். தண்ணீர் வடிய வேண்டும் என்று ரோட்டை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுகிறார்கள். வலது ஓரச் சரிவில் வண்டி நேராக நிற்கும்போது டயரின் இடது தோள்தான் தரையை அதிகம் தொடுகிறது. கொஞ்சம் வித்தியாசம் இயல்பு. ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் புதுசு என்றால் பின்சக்கரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். செயின் இழுக்கும்போது இரண்டு பக்கக் கோடும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும்.

காசு ஒரு டயருக்குத்தான் இருக்கிறது. பின்னால் மட்டும் மாற்றலாமா?

முன்டயர் நன்றாக இருந்தால் தாராளமாக. பின்டயர்தான் சீக்கிரம் தேயும். ஆனால் இரண்டும் மோசம் என்றால் முதலில் முன்னால் மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்தில்தான் விழுகிறது, முன்சக்கரம் வழுக்கினால் வண்டியை நிமிர்த்துவது மிகக் கஷ்டம்.

செகண்ட் ஹேண்ட் டயர், காடி வெட்டிய டயர்?

வேண்டவே வேண்டாம். மொட்டை டயரில் சூடான கத்தியால் காடி வெட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். காடிக்குள் நூல் தெரிகிறதா என்று பாருங்கள், உங்களுக்கே புரியும்.

டயர் பளபளப்பாக இருக்க ஏதாவது தடவலாமா?

பக்கச்சுவரில் தடவினால்கூட மழையில் வழிந்து தரை தொடுகிற இடத்துக்கு வரும். சோப்புத் தண்ணீர் போதும். ரோட்டோரத்தில் பாட்டில் பெட்ரோல் ஊற்றும்போது டயரில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், பெட்ரோலும் டீசலும் ரப்பரைத் தின்னும்.

மாட்டியதும் பாலம் தாண்டித் தட்டோன் வரை போகலாமா?

போகலாம், ஆனால் பொறுமையாக. புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்காமல், சட்டென்று பிரேக் அடிக்காமல் ஓட்டுங்கள். 2005இல் திறந்த தன்லுவின் பாலத்தில் மழை பெய்தால் இரும்பு இணைப்புகளின் மேல் ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் நேராகத் தாண்டுங்கள். கிளம்பும் முன் பக்கச்சுவரில் இருக்கும் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைக் காட்டுகிறதா என்று பாருங்கள். ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்காவது அது ரிம்முக்குள் மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. திரும்பி வரும்போது கடைப்பக்கம் ஒருமுறை நிறுத்துங்கள். காற்றையும் தண்டின் சாய்வையும் பார்த்துத் தருகிறோம், அதற்குக் காசு வாங்குவதில்லை.